கிணற்றில் மினுங்குவது எண்ணெய் அல்ல

இந்த ஆண்டில் இது ஐந்தாவது அழைப்பு. ஐந்திலும் ஒரே சேதிதான்: “ஐயா, எங்கள் கிணற்றில் எண்ணெய் ஊறுகிறது.” நான் புவிச்சரிதவியல் படித்து, வன்னியில் நிலத்தடி நீர் தேடுவதையே தொழிலாகக் கொண்டவன். முதல் நான்கு வீடுகளிலும் பொறுமையாக விளக்கிவிட்டுத் திரும்பினேன். ஐந்தாவது வீட்டில் கண்டது என்னை எழுத வைத்துவிட்டது.

ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமம். கிணற்றைத் தகரத்தால் மூடி, மேலே கல் வைத்திருந்தார்கள். மூன்று மாதமாக அந்த வீட்டு அம்மா, பள்ளிக்கூடத்துக் குழாய்க் கிணற்றிலிருந்து சைக்கிளில் கான் கட்டி நீர் கொண்டுவருகிறார். கம்பனிக்காரர்கள் வரும்வரை கிணற்றைத் தொடக்கூடாது என்று ஒரு தரகர் சொல்லியிருக்கிறார். காணிப் பெர்மிட்டின் பிரதியையும், “பதிவுச் செலவு” என்று 15,000 ரூபாயையும் அவர் வாங்கிப் போய்விட்டார். இடையில் மூத்த மகன், உண்மையாகவே எண்ணெய்தானா என்று பார்க்க, கம்பியில் கட்டிய துணியைக் கொளுத்தி உள்ளே இறக்கியிருக்கிறான். அந்தப் பிள்ளை உயிரோடு இருப்பது அதிர்ஷ்டம்.

தகரத்தை விலக்கினேன். நீர்மட்டத்தின் மேல் நீலமும் ஊதாவும் பொன்னுமாக ஒரு படலம். பார்ப்பவர் ஏமாறத்தான் செய்வார். நீளமான பூவரசங் கம்பொன்றை முறித்து, அம்மாவையும் மகனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு படலத்தைக் கீறினேன். அப்பளம் நொறுங்குவதுபோல் அது துண்டு துண்டாக உடைந்தது. துண்டுகள் விலகி நின்றன, மறுபடி சேரவில்லை. பிறகு ஒரு வாளி நீரில் மோட்டார் சைக்கிள் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு அதே கம்பால் கலக்கிக் காட்டினேன். எண்ணெய் வளைந்தது, நெளிந்தது, கம்பை எடுத்ததும் திரும்ப ஒன்றுகூடியது. “இரண்டும் வேறு வேறு” என்று மகனே சொன்னான்.

கம்பால் கீறினால் உடைந்து விலகியே நிற்பது இரும்புப் படலம். மீண்டும் கூடுவது எண்ணெய். இதை மட்டுமாவது நினைவில் வைத்திருங்கள்.

நம் மண்ணில் இரும்பு நிறைய உண்டு. காற்றுப் படாத நீரில் அது கரைந்து கிடக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும், அதை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் மெல்லிய துருப்படலம் ஒன்றை விரிக்கின்றன. ஒளி பட்டால் வானவில் தெரியும். அதே கிணற்று வாளியின் அடியைத் தடவிப் பாருங்கள். செம்மண் நிறத்தில் வழுவழுப்பாகக் கசடு இருக்கும். வெள்ளைத் துணி மஞ்சளாகும். அந்த நீரில் போட்ட தேநீர் கறுக்கும். எண்ணெய்க்கு இந்தக் குணங்கள் கிடையா. இறைக்காமல் மூடி வைத்தால் படலம் இன்னும் தடிக்கும். அந்த அம்மாவின் கிணற்றில் மூன்று மாதமாக “எண்ணெய் கூடியதற்கு” இதுதான் காரணம்.

ஒட்டுசுட்டான் பக்கம் எண்ணெய் ஏன் இராது என்றும் கேட்கிறார்கள். நம் காலடியில் கிடக்கும் பாறைத் தொகுதிக்கு உலகப் புவிச்சரிதவியலாளர்கள் வைத்த பெயரே “வன்னித் தொகுதி”. ஆழத்தில் வெந்து உருமாறிய பழம்பாறை அது. எண்ணெய் உருவாகக் கடலடியில் படிந்த சேறு வேண்டும். அத்தகைய படிவுகள் மேற்கே மன்னார்ப் பக்கம் உள்ளன. அங்கேயும் 1970களில் சோவியத் உதவியோடு பேசாலையில் துளையிட்டுப் பார்த்தார்கள்; பயன்படக்கூடிய எண்ணெய் கிடைக்கவில்லை. 2011இல் கெய்ர்ன் என்ற எண்ணெய் தேடும் நிறுவனம் மன்னார்க் கடலில் மூன்று கிணறுகள் தோண்டியது. இரண்டில் இயற்கை எரிவாயு தென்பட்டது, மூன்றாவதில் ஒன்றும் இல்லை. 2013இல் தோண்டிய நான்காவதும் வறண்டது. 2015இல் நிறுவனம் வெளியேறியது. எரிவாயு தென்பட்ட இடங்களில் கடலின் ஆழமே 1,300 மீற்றருக்கு மேல். இன்றுவரை அங்கிருந்து வணிக உற்பத்தி தொடங்கவில்லை.

இவ்வளவு தெரிந்திருந்தும், தேர்தல் வந்தால் “மன்னார் எண்ணெய் வந்துவிட்டால் கடன் தீரும், விலை குறையும்” என்று மேடையில் பேசுகிறார்கள். இந்தப் பேச்சுத்தான் என்னை மிகவும் வருத்துகிறது. அங்கே தென்பட்டது எரிவாயு. நாளை அது கரைக்கு வந்தாலும் மின் நிலையத்தில் எரிக்கலாம். உங்கள் மோட்டார் சைக்கிளில் ஊற்ற முடியாது. அடுத்தது உரிமை. பெற்றோலிய வளங்கள் பற்றிய சட்டமே நிலத்துக்கு அடியிலுள்ள எண்ணெயும் எரிவாயுவும் அரசுக்குரியவை என்று சொல்லிவிட்டது. உங்கள் வளவில் எண்ணெய் பீறிட்டாலும் அது உங்களுடையதல்ல. அப்படியிருக்க, தரகர் எதைப் பதியப் பணம் வாங்குகிறார்?

எண்ணெயைச் சொந்தக் கையில் எடுக்க நாடு முன்பும் முயன்றதுதான். 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை அமைத்தோம். அடுத்த ஆண்டு வெளிநாட்டுக் கம்பனிகளின் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டது. அதற்காக 1963இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. 1969இல் சப்புகஸ்கந்தையில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. விற்கும் உரிமை கைக்கு வந்தது. ஆனால் மசகெண்ணெய், அதாவது சுத்திகரிக்காத எண்ணெய், கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது. 2021 நவம்பரில் மசகெண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் அந்த நிலையமே தற்காலிகமாக மூடப்பட்டது. மறு ஆண்டு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று பங்கிட்டுத் தந்தார்கள்.

எங்கள் மக்களின் ஆசை எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். இரண்டு சொட்டுப் பெற்றோலில் மோட்டார் சைக்கிளை உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை இது. எண்ணெய் எங்கள் மண்ணிலேயே ஊறினால் என்று அந்த அம்மா நினைத்ததில் தவறே இல்லை. அந்த நினைப்பை வைத்துக் காசு பறித்ததுதான் குற்றம்.

ஆகவே தயவுசெய்து கேளுங்கள். கிணற்றுக்குள் நெருப்பு இறக்காதீர்கள். மூடிக் கிடந்த கிணற்றில் அழுகிய சருகிலிருந்து எழும் வாயு தங்கியிருக்கலாம், பற்றிக்கொள்ளும். உள்ளே இறங்கவும் வேண்டாம். பிராணவாயு இல்லாத கிணற்றில் இறங்கியவர் குரல் கொடுக்குமுன் விழுந்துவிடுவார். நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டும் பழக்கத்தை இன்றே விடுங்கள். அதன் புகை கொல்லும்.

கம்பால் கலக்கியபின் படலம் கூடினால், மண்ணெண்ணெய் மணமும் அடித்தால், அது வேறு கதை. கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்து இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான். அந்த நீரைக் குடிக்காமல், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே சொல்லுங்கள். சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்ததை மறக்க வேண்டாம். கிணற்றில் உண்மையான எண்ணெய் தெரிந்தால் அதன் பொருள் மாசு, புதையல் அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மினுங்கும் படலத்துக்காக என்னை அழைக்கிறவர்கள், நீரில் கரைந்து கிடக்கும், நிறமும் மணமும் இல்லாத புளோரைட்டுக்காக ஒருவர்கூட அழைப்பதில்லை. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் சிறுநீரக நோயாளர் இருக்கும் ஊர்களில்கூட, நீரைப் பரிசோதித்தீர்களா என்றால் இல்லையென்று தலையசைக்கிறார்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் விசாரியுங்கள், மாதிரியை எப்படி எடுப்பது என்று சொல்லித்தருவார்கள்.

அன்று பின்னேரமே தகரத்தை வேலியோரம் போட்டாயிற்று. சுத்தமான இரண்டு போத்தல்களில் மாதிரி எடுத்து வந்தேன். முடிவு வரும்வரை குடிக்கப் பள்ளிக்கூடத்து நீரே போதும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். தோட்டத்துக்கு இறைக்கத் தடையில்லை. தரகரின் தொலைபேசி அணைந்திருக்கிறது. திங்கட்கிழமை பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போகிறார்கள், நானும் கூடப் போகிறேன்.