நாற்காலிக்கும் பயணத்துக்கும் நடுவே நாற்பது நிமிடம்

வயது முப்பத்தைந்தை ஒட்டி இருக்கும். கையில் ரிப்போர்ட்: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.2, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 240, ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு. நாளுக்கு ஒன்பது மணி நேரம் நாற்காலி, இரண்டு மணி நேரம் பயணம். உடற்பயிற்சி உண்டா என்று கேட்டால், "நேரமே இல்லை டாக்டர்." ஆள் மாறுகிறார், ரிப்போர்ட்டும் பதிலும் மாறுவதில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

நேரமில்லை என்பதை நான் நம்புகிறேன். காலை ஏழரைக்குக் கிளம்பி இரவு எட்டுக்கு வீடு திரும்புகிறவரிடம் "ஐந்து மணிக்கு எழுந்து ஓடுங்கள்" என்று சொல்வது வைத்தியமே ஆகாது. ஏற்கெனவே குறைந்துபோன தூக்கத்தில் இன்னும் ஒரு மணி நேரத்தைப் பிடுங்குகிற யோசனை அது. ஆனால் அந்தப் பதிலுக்கு அடியில் கிடக்கும் எண்ணம்தான் ஆளைக் கெடுக்கிறது. தொடர்ந்து முக்கால் மணி, ஒரு மணி செய்தால்தான் உடற்பயிற்சி. நடுவில் நின்றுவிட்டால் கணக்கில் சேராது. முதல் இருபது நிமிடம் வீண், அதற்கு மேல்தான் கொழுப்பு கரையும் என்ற எண்ணம். முழு மணி நேரம் கிடைக்கவில்லை என்பதற்காக முழுவதையும் விட்டுவிடுகிறார்கள்.

இந்த இருபது நிமிடக் கதையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். உடல் எந்நேரமும் கொழுப்பையும் சர்க்கரையையும் சேர்த்தேதான் எரிக்கிறது. சும்மா உட்கார்ந்து இதைப் படிக்கும் இந்த நிமிடத்திலும் உங்களுக்கு வேண்டிய சக்தியில் கணிசமான பங்கு கொழுப்பிலிருந்து வருகிறது. நடக்க ஆரம்பித்ததும் செலவு கூடுகிறது. நேரம் நீள நீளக் கொழுப்பின் பங்கு மெல்ல ஏறுகிறது. மெல்லத்தான். இருபதாவது நிமிடத்தில் யாரோ வந்து தட்டிவிடும் சுவிட்ச் எதுவும் உடம்பில் இல்லை. நடக்கும்போது எரிந்தது எது என்பதுகூடப் பெரிய விஷயமில்லை. தசையில் இருந்த சர்க்கரை செலவானால், அந்த இடத்தை நிரப்ப அடுத்த சில மணி நேரத்துக்குத் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறவருக்கு வேண்டியதே அதுதானே! இடுப்புச் சுற்றளவைத் தீர்மானிப்பது ஒரு வாரத்தின் மொத்தச் செலவு. சொம்பு சொம்பாக ஊற்றினாலும் குடம் நிறையும்.

இந்தக் குழப்பத்தில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதல், குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து செய்ததைத்தான் கணக்கில் எடுத்தது. 2020இல் வந்த வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, எத்தனை துண்டாக இருந்தாலும் சரி. கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி. பழைய விதியை இன்னும் நோயாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கும் சக மருத்துவர்களும் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல இது. ஜெரெமி மோரிஸ் குழு லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் வெளியிட்ட முடிவை எல்லா மருத்துவ மாணவர்களும் படித்திருப்பார்கள். ஒரே பஸ், ஒரே வேலை நேரம். ஓட்டுநர் உட்கார்ந்தே இருந்தார். நடத்துநர் மாடி பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க நாளுக்குச் சுமார் 600 படி ஏறினார். மாரடைப்பு ஓட்டுநர்களிடம் அதிகம், நடத்துநர்களிடம் குறைவு. அந்த நடத்துநர்கள் யாரும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் படி ஏறவில்லை. மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை என்று நாள் முழுக்கச் சிதறிக் கிடந்த உழைப்பு அது.

அண்மையில், 2022இல், இமானுவேல் ஸ்டமடாகிஸ் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. உடற்பயிற்சி எதுவும் செய்வதில்லை என்று சொன்ன 25,000 பேரின் மணிக்கட்டில் கருவி கட்டி, அதன் பிறகு ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அன்றாட வேலைக்கு நடுவே ஒன்று இரண்டு நிமிடம் மூச்சு வாங்கும்படி உழைப்பது நாளுக்கு மூன்று தடவை வாய்த்தவர்களிடம், அது அறவே இல்லாதவர்களைவிட இறப்பு 40 சதவீதம் வரை குறைவாக இருந்தது. பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுதான். இதை வைத்து மட்டும் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "ஒரு நிமிடத்தில் என்ன ஆகிவிடும்" என்று கேட்கிறவர்களுக்கு இது போதும்.

சரி, எங்கே நுழைப்பது?

பயணத்திலிருந்து தொடங்குங்கள். அந்த நேரம் எப்படியும் போகப்போகிறது. பஸ்ஸிலோ ரயிலிலோ வருகிறவர்கள் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குங்கள். ஒரு கிலோமீட்டர் தூரம் என்றால், வேகமாக நடந்து 12 நிமிடம். அதே தூரம் பஸ்ஸிலும் நாலு நிமிடமாவது போயிருக்கும். ஆக, நிஜமாகச் செலவாவது எட்டு நிமிடம்தான். சொந்த வண்டியில் வருகிறவர்கள் வண்டியைப் பத்து நிமிட நடைத் தூரத்தில் நிறுத்தலாம். அலுவலக வண்டி வீட்டு வாசலுக்கே வந்தால், ஏறும் இடத்தைக் கொஞ்சம் தள்ளி மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். திரும்பும்போதும் இதே கணக்கு.

நடை என்றால் உலாத்தல் இல்லை. நிமிடத்துக்கு 100 அடி வைத்தால்தான் அது மிதமான உழைப்பு. கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடி எண்ணுங்கள். 25 அடி வர வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். "நாள் முழுக்க ஆபீஸுக்குள் நடந்துகொண்டுதான் இருக்கிறேன்" என்கிறவர்கள் இந்த 15 விநாடியை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை நம்பாதீர்கள். மாத்திரை துடிப்பைக் கட்டி வைத்திருக்கும். உங்களுக்குப் பேச்சுச் சோதனைதான் அளவுகோல்.

வியர்வைதான் அடுத்த தடை, அது நியாயமான கவலையும்கூட. காலையில் அந்த 100 அடி வேகத்தைத் தாண்டாமல் நடந்து, கடைசி மூன்று நிமிடம் வேகத்தைக் குறையுங்கள். கூடுதல் வேகத்தை எல்லாம் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய்க் குளிக்கத்தானே போகிறீர்கள். நடைக்கான ஷூவில் வாருங்கள், அலுவலகச் செருப்போ ஷூவோ மேஜை இழுப்பறையில் கிடக்கட்டும். லேப்டாப் பையை ஒரே தோளில் தொங்கவிட்டுக்கொண்டு கழுத்து வலி என்று வராதீர்கள். இரண்டு தோளிலும் மாட்டுங்கள். சாலையைக் கடக்கும்போது இயர்போனைக் கழற்றுங்கள்.

சைக்கிளில் வர முடிந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. ஆனால் ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில் முன் முட்டி வலி என்று வருகிறவர்களில் பலருக்குக் கோளாறு முட்டியில் இருக்காது, சீட்டில் இருக்கும். சீட் தாழ்வாக இருந்தால் முட்டி ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடங்குகிறது. சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அதுதான் உங்கள் உயரம். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முட்டி இலேசாக மடங்கி நிற்கும். தலைக்கவசம், பின்விளக்கு இரண்டும் இல்லாமல் சாலையில் இறங்க வேண்டாம்.

அடுத்தது மாடிப்படி. கட்டடத்துக்குள் உங்களுக்கு இருக்கும் மிகச் சிறந்த கருவி இதுதான். ஒரு மாடிக்குச் சுமார் 20 படி, 20 விநாடி. நாலு மாடி ஏறினால் ஒரு நிமிடத்துக்கு மேல் நல்ல உழைப்பு; உச்சியில் நிற்கும்போது முழு வாக்கியம் பேச முடியாது. ஆபீஸ் பன்னிரண்டாம் மாடியில் இருந்தால் பத்தாம் மாடியில் லிஃப்டை விட்டு இறங்கி மீதியை ஏறுங்கள். வாரத்துக்கு ஒரு மாடி கூட்டுங்கள். முட்டி வலி இருப்பவர்கள் படியே ஆகாது என்று நினைக்கிறார்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முட்டிச் சில்லின் மேல் அழுத்தம் கூடுதல். ஆகவே ஏறுங்கள், லிஃப்டில் இறங்குங்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வலிக்கும் காலை முதலில் கீழே வையுங்கள். ஏறும்போது நல்ல காலை முதலில். கைப்பிடிக்குப் பக்கத்தில் நடங்கள். படியில் மொபைலைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். தவறி விழுந்து மணிக்கட்டு உடைந்து வந்தால் ஆறு வாரம் மாவுக்கட்டு.

மேஜையில் இருக்கும் நேரத்துக்கு வருவோம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடப்பது போதும். நேரத்தை நினைவூட்ட அலாரம் வைப்பவர்கள் மூன்றாம் நாள் அதை அணைத்துவிடுவார்கள், ஏனென்றால் அது எப்போதும் மீட்டிங் நடுவில்தான் அடிக்கும். அதற்குப் பதில், ஏற்கெனவே செய்கிற வேலையோடு கட்டிப்போடுங்கள். போன் வந்தால் எழுந்து நின்று பேசுவது. பெரிய பாட்டிலுக்குப் பதில் சின்ன டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொள்வது. தீரத் தீர எழுந்துதான் ஆக வேண்டும். கழிவறைக்கு ஒரு மாடி தள்ளிப் போவது.

தசை வலுவுக்கு நடை போதாது, அதைத் தனியாகத்தான் செய்ய வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள்: இரண்டு விநாடியில் எழுவது, மூன்று விநாடியில் இறங்குவது, பத்து முறை. தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போச்சு. அடியில் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி என்றால் அதன் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் பின்னால் நழுவி வால் எலும்பில் விழுவீர்கள். அடுத்து, நகராத மேஜையின் விளிம்பைப் பிடித்துச் சாய்ந்து பத்து தண்டால். கண்ணாடி மேஜை வேண்டாம். பிறகு சுவரைத் தொட்டபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது 15 முறை. மூன்றும் சேர்ந்து இரண்டரை நிமிடம்தான். காலையில் ஒரு சுற்று, பிற்பகலில் ஒரு சுற்று, வாரத்தில் மூன்று நாள். பத்தும் சுலபமாகிவிட்டால் பன்னிரண்டு, பதினைந்து என்று கூட்டுங்கள். மூச்சை அடக்காதீர்கள், குறிப்பாக ரத்த அழுத்தம் இருப்பவர்கள்.

மதிய உணவு முடிந்த அரை மணி நேரத்துக்குள் பத்து நிமிட நடை. சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை இது நன்றாகவே மட்டுப்படுத்தும். இன்சுலினோ கிளிமிப்ரைடு வகைச் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடலாம், சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். நடை கூடக் கூட மருந்தின் அளவை மருத்துவரிடம் மறுபடி பேசுங்கள். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் மூடிய ஷூ, தினமும் இரவு பாதத்தைப் பார்ப்பது, இரண்டும் கட்டாயம்.

நின்று வேலை செய்யும் மேஜை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்குங்கள், முதுகுக்கு மாற்றமாக இருக்கும். எடை குறையும் என்று வாங்காதீர்கள். உட்காருவதைவிட நிற்பதற்கு நிமிடத்துக்குக் கூடுதலாக ஆவது சுமார் 0.15 கிலோகலோரி, ஆறு மணி நேரம் நின்றால் 54.

இப்போது கூட்டிப் பாருங்கள். போக 12, வர 12, மதியம் 10, மாடிப்படி நாலு. 38 நிமிடம். ஐந்து நாளுக்கு 190.

இதைப் படித்துவிட்டுத் திங்கட்கிழமையே எல்லாவற்றையும் ஆரம்பிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். தசை சீக்கிரம் பழகும், தசைநாருக்கு மாதங்கள் ஆகும். திங்கள் தொடங்கி வெள்ளிக்கிழமை காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியிலேயே குதிகால் சுரீர் என்றால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். நடையைப் பாதியாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். முதல் வாரம் மாலை நடை மட்டும். அடுத்த வாரம் காலையும். மூன்றாவது வாரம் படி.

சில பேர் இதில் எதையும் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்: ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் 180/110ஐத் தொடுகிறவர்கள், படி ஏறினால் தலை சுற்றி மயக்கம் வருகிறவர்கள். படி ஏறும்போது நெஞ்சை அழுத்தி, நின்றால் சரியாகிற வலியை "கேஸ்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். தாடைக்கோ தோளுக்கோ பரவினால், உட்கார்ந்தும் விடாமல் தொடர்ந்தால், உடனே அவசர சிகிச்சைப் பிரிவு. நீண்ட பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

அடுத்த முறை ரிப்போர்ட்டோடு வரும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு எண்களை எழுதிக்கொண்டு வாருங்கள். நேற்று எத்தனை மாடி ஏறினீர்கள், எத்தனை நிமிடம் அந்த 100 அடி வேகத்தில் நடந்தீர்கள். மாத்திரை எழுதுவதா வேண்டாமா என்பதை அதையும் பார்த்துவிட்டுத்தான் பேசுவோம்.