மூன்று கட்டம், நான்கு துறைமுகம்: குறுக்கெழுத்தில் ஓர் எழுத்து செய்யும் வேலை

'பழந்தமிழர் துறைமுகம் (3)' என்று ஒரு குறிப்பு. மூன்று கட்டங்களும் காலி. சேரர்களின் முசிறியா, தொண்டியா? சோழர்களின் புகாரா? பாண்டியர்களின் கொற்கையா? நான்குமே மூன்றெழுத்துச் சொற்கள். இந்த இடத்தில் எவ்வளவு வரலாறு படித்திருந்தாலும் பயனில்லை. ஆனால் மேலிருந்து கீழாக வரும் இன்னொரு சொல் நடுக்கட்டத்தில் 'ற்' போட்டுவிட்டால் கொற்கைதான், வேறு பேச்சில்லை. 'கா' விழுந்தால் புகார், 'ண்' விழுந்தால் தொண்டி. இந்த நான்கு பெயர்களில் எந்தக் கட்டத்திலும் ஒரே எழுத்து இரண்டு முறை வருவதில்லை. அதனால் ஏதாவது ஒரு கட்டம் நிரம்பினாலே மூன்று பெயர்கள் உதிர்ந்துவிடும்.

காலைப் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் உதவி கேட்பவர்கள் பெரும்பாலும் விடையையே கேட்டுவிடுகிறார்கள். என் கட்சி வேறு: ஓர் எழுத்தை மட்டும் கேளுங்கள். அந்த ஓர் எழுத்து கட்டத்துக்குள்ளும் மூளைக்குள்ளும் செய்கிற வேலை சுவையானது.

முதலில் கட்டம். லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஆர்தர் வின் என்பவர், 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் வைர வடிவத்தில் ஒரு புதிர் வெளியிட்டார். இன்றைய குறுக்கெழுத்தின் தொடக்கம் அதுதான். பிறகு அமெரிக்கர்களும் பிரிட்டிஷ்காரர்களும் வேறு வேறு வழியில் போனார்கள். அமெரிக்க நாளிதழ்ப் புதிரில் ஒவ்வொரு வெள்ளைக் கட்டமும் இரண்டு சொற்களுக்குப் பொது. ஒரு சொல் தெரியாவிட்டாலும் குறுக்கே வரும் சொற்களே அதை நிரப்பித் தந்துவிடும். பிரிட்டிஷ் பாணியில் ஏறக்குறையப் பாதிக் கட்டங்கள்தான் பொது. அதை ஈடுகட்ட, புதிர்க் குறிப்பில் பொருள் ஒரு பக்கமும் சொல் விளையாட்டு ஒரு பக்கமும் இருக்கும். இரண்டும் ஒரே விடைக்குக் கொண்டுபோகும். 'தி ஹிந்து' ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்து இந்தப் பிரிட்டிஷ் வகை.

இப்படிச் சொற்களைப் பின்ன முடிவதற்கே மொழியில் ஒரு குணம் வேண்டும். தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானன் 1948-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதைப் போகிற போக்கில் தொட்டிருக்கிறார். எழுத்துகளை எந்த வரிசையில் வைத்தாலும் சொல்லாகிவிடும் மொழியில், கட்டத்தில் எதை எழுதினாலும் அது குறுக்கெழுத்துதான். ஆனால் குறுக்கே வரும் எழுத்தால் ஒரு தடயமும் கிடைக்காது. மாறாக, 'இதன்பின் இதுதான் வரும்' என்ற கட்டுப்பாடு மிகுந்த மொழியில் தடயம் ஏராளமாகக் கிடைக்கும்; பெரிய புதிரைக் கட்டத்தான் முடியாது. எழுத்துகளில் சுமார் பாதி, மற்ற பாதியை வைத்தே ஊகித்துவிடக் கூடியவையாக இருந்தால் பெரிய குறுக்கெழுத்து மயிரிழையில் சாத்தியம் என்பது அவர் கணக்கு.

தமிழில் இந்தக் கணக்கு எப்படி? ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்குள் வரக்கூடியவை 26. நம் புதிர்களில் உயிர்மெய்யும் முழுசாக ஒரே கட்டத்தில் உட்காருவதால் வரக்கூடியவை 247. எல்லா எழுத்தும் ஒரே அளவு புழங்குவதாக வைத்துக்கொண்டால், ஆங்கிலக் கட்டம் ஒன்று தரும் தகவல் 4.7 பிட் (தகவலை அளக்கும் அலகு), தமிழ்க் கட்டம் தருவது ஏறத்தாழ 8 பிட். 'ஙௌ'வை யாரும் பயன்படுத்துவதில்லை என்பதால் நிஜத்தில் இது குறையும். ஆனாலும் தமிழ்ப் புதிரில் ஓர் எழுத்து கிடைப்பது பெரிய வரவு.

அதற்கு மேல் இலக்கணமும் கைகொடுக்கிறது. 'ற்' என்ற எழுத்துக்குப் பின் க, ச, ப, ற ஆகிய நான்கு வரிசை உயிர்மெய்கள்தான் வரும்: கற்கண்டு, முயற்சி, கற்பு, காற்று. நான்கு வரிசைக்குப் பன்னிரண்டு வீதம் 48 எழுத்துகள். குறிப்பைப் படிக்காமலேயே அடுத்த கட்டத்தின் வாய்ப்பு 247-இலிருந்து 48-க்கு இறங்கிவிட்டது. க், ச், த், ப் ஆகியவை இன்னும் கறார்; தத்தம் வரிசையைத் தவிர வேறெதையும் பின்னால் சேர்க்காதவை. தொல்காப்பியர் வகுத்த மெய்ம்மயக்க விதிகள் இவை. பள்ளியில் இந்தப் பகுதியில் கொட்டாவி விட்டவர்களும் குறுக்கெழுத்து போடும்போது தம்மை அறியாமல் இவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். சக்தி, பக்தி, டாக்டர் போன்ற சொற்கள் விதியை மீறும். புதிர் அமைப்பவர் அவற்றைத் தாராளமாகப் போடுவார், ஆகவே விதியை நம்பி நூறு ரூபாய் பந்தயம் கட்ட வேண்டாம்.

எழுத்துகள் பெருகினால் அமைப்பவருக்குச் சிரமம். இரண்டு சொற்கள் சரியாக வேண்டிய இடத்தில் ஒரே உயிர்மெய்யைப் பகிர்வது அரிது. தமிழ் இதழ்களில் 'வலமிருந்து இடம்', 'கீழிருந்து மேல்' என்ற தலைப்புகள் இருப்பதற்கும், 'கலைந்துள்ளது' என்ற வால் குறிப்பு அடிக்கடி வருவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். சொல்லைத் திருப்பிப் போடலாம் என்றால் பொருந்தும் வாய்ப்பு கூடுகிறது. கலைத்தே போடலாம் என்றால் எதையும் எங்கும் செருகிவிடலாம். விடை தேடுகிறவர் பாடுதான் திண்டாட்டம்: கலைந்த சொல்லில் 'ற்' கடைசிக் கட்டத்தில்கூட நிற்கும், மயக்க விதி அங்கே செல்லாது. நல்ல புதிரில் ஒன்றிரண்டுக்கு மேல் கலைந்த சொற்கள் இருக்கக் கூடாது.

சரி, மூளைக்கு வருவோம். சொல் தெரியும், நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வர மறுக்கிறது. ஹார்வர்டில் ரோஜர் பிரௌனும் டேவிட் மெக்நீலும் 1966-இல் இந்த நிலையை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்த்தார்கள். அரிய சொற்களின் விளக்கத்தைப் படித்துக்காட்டிச் சொல்லைக் கேட்டார்கள். ஏறக்குறையக் குறுக்கெழுத்துக் குறிப்பேதான். தடுமாறியவர்களில் பலரால் முதல் எழுத்தையும் அசைகளின் எண்ணிக்கையையும் சரியாகச் சொல்ல முடிந்தது. ஆக, சொல் மறந்துபோகவில்லை. மூளையில் பொருள் ஓரிடத்திலும் ஒலி வேறிடத்திலும் பதிந்திருக்கின்றன. பொருள் விழித்துக்கொண்டாலும் ஒலிக்குப் போகும் இணைப்பு வலுவிழந்து கிடக்கிறது என்று டெபோரா பர்க், டொனால்ட் மெக்கே குழுவினர் 1991-இல் விளக்கினார்கள். அதிகம் புழங்காத சொற்களிலும் ஆட்பெயர்களிலும் இது கூடுதல், வயதாக ஆக இன்னும் கூடுதல்.

அந்த இணைப்பைத் தட்டியெழுப்ப ஒலியின் பக்கத்திலிருந்து கொஞ்சம் தூண்டுதல் போதும். எவ்வளவு? லிஸ் ஏப்ரம்ஸ் குழுவினர் 2003-இல் செய்த சோதனையில், மறந்த சொல்லின் முதல் ஒலியை மட்டும் பகிரும் சொற்களைக் காட்டியபோது பலனில்லை. முதல் அசை முழுவதையும் பகிரும் சொற்களைக் காட்டியபோது மறந்த சொல் வந்தது. சோதனை ஆங்கிலத்தில் நடந்தது. ஆனால் நம் கட்டத்தில் உட்கார்ந்திருப்பது வெறும் 'க்' ஒலி இல்லை, 'கொ'. பல சமயம் அதுவே ஓர் அசை. தமிழ்க் குறுக்கெழுத்தில் முதல் கட்டம் நிரம்பியதும் விடை சட்டென்று வாயில் வந்துவிடுவதில் இதற்கும் பங்கு இருக்கலாம் என்பது என் ஊகம்.

கேட்காமல் முட்டி மோதினால் என்ன ஆகும்? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஏமி பெத் வாரினரும் கரின் ஹம்ஃப்ரீஸும் 2008-இல் சோதித்தார்கள். நாக்கு நுனியில் சொல் சிக்கியவர்களில் சிலரைப் பத்து விநாடியும் சிலரை முப்பது விநாடியும் தவிக்கவிட்டு விடையைச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து அதே கேள்வி. நீண்ட நேரம் தவித்தவர்களே அதே சொல்லில் மறுபடியும் அதிகம் சிக்கினார்கள். மூளை தடுமாற்றத்தையே மனப்பாடம் செய்துவிட்டதுபோல. ஹம்ஃப்ரீஸ் பங்குகொண்ட 2015 ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: தானாகவோ, ஒலிக்குறிப்பு பெற்றோ சொல்லைத் தானே கண்டடைந்தால் மறுமுறை சிக்கல் குறைகிறது. பிடிவாதமாக உட்கார்ந்திருப்பதைவிட ஓர் எழுத்து கேட்டு வாங்கி முடிப்பது மேல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இயந்திரத்திடமும் உதவி கேட்கலாம். மேட் கின்ஸ்பெர்க் உருவாக்கிய 'டாக்டர் ஃபில்' என்ற நிரல் 2012-இல் அமெரிக்கக் குறுக்கெழுத்துச் சாம்பியன் போட்டியில் 141-ஆம் இடத்தில் நின்றது. 2021-இல், பெர்க்லி பல்கலைக்கழக மொழி ஆய்வுக் குழுவின் நிரலும் சேர்ந்துகொள்ள, மனிதர்களில் முதலிடம் பெற்றவரை 15 புள்ளி வித்தியாசத்தில் முந்தியது. அது செய்வது நாம் துறைமுகங்களை வைத்துச் செய்ததைத்தான். ஒவ்வொரு குறிப்புக்கும் வாய்ப்புள்ள விடைகளைப் பட்டியலிட்டு மதிப்பெண் போடும். குறுக்கே வரும் பட்டியல்களோடு முட்டிக்கொள்பவற்றைக் கழித்து, மொத்த மதிப்பெண் கூடுதலாக வரும் சேர்க்கையைத் தேடும்.

தமிழில் அப்படியொன்றைச் செய்யப் புறப்படுகிறவருக்கு முதல் படியிலேயே ஒரு பள்ளம் காத்திருக்கிறது. கொற்கை நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் க, ொ, ற, ், க, ை என ஆறு குறியீடுகள். 'நடுவில் ற் உள்ள மூன்றெழுத்துச் சொல்' என்று தேடினால் கணினி தவறாக எண்ணும். குறிகளை அவற்றின் எழுத்தோடு சேர்த்துக் கட்டிய பிறகே தேட வேண்டும். அது எளிது. சொற்பட்டியலுக்குத்தான் திண்டாட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தும், 'வந்தான்' போன்ற வினைமுற்றுகளை அங்கே தலைச்சொல்லாகத் தேட முடியாது. சினிமாப் பாடலின் முதல் சொல், எண்பதுகளின் கதாநாயகி பெயர் எதுவும் கிடைக்காது. நம் நாளிதழ்ப் புதிர்களில் பாதி அவைதான்.