துபாயில் லைசென்ஸ், திருப்பூரில் வேலை: கமிஷனுக்கு வரி எங்கே?

திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் பையிங் ஏஜென்டுகள் ஆடிட்டர்களான எங்களிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "ஐரோப்பிய பையர் தரும் கமிஷனை இங்கே வாங்கினால் முப்பது சதவீதம் வரை வரி போகிறது. வரிச்சலுகை தரும் துபாய் ஃப்ரீ ஜோனில் ஒரு கம்பெனி தொடங்கி, அதன் பெயரில் பில் போட்டுக்கொள்ளலாமா சார்?"

ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதிப்படி பணம் அனுப்பிக் கம்பெனி தொடங்குவதில் தவறே இல்லை. ஆனால் சாம்பிள் பார்ப்பது, ஃபேக்டரியோடு விலை பேசுவது, ஷிப்மென்டைத் துரத்துவது எல்லாம் திருப்பூர் ஆபீஸில் நடந்தால், அந்த வேலையில் வரும் லாபத்துக்கு இங்கே வரி கேட்க வருமான வரித்துறைக்கு உரிமை உண்டு. துபாய் கம்பெனிக்கு லைசென்ஸ் எடுத்துத் தருபவர்கள் இதைச் சொல்வதில்லை.

"ஆண்டு வரவு 50 கோடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லையாமே?" என்பார்கள். 2017-இல் வந்த சுற்றறிக்கையை வைத்துச் சொல்லும் பாதி உண்மை அது. வெளிநாட்டுக் கம்பெனியின் நிர்வாகம் இங்கிருந்து நடந்தால் அந்தக் கம்பெனியையே இந்தியக் கம்பெனி போலக் கருதி வரி போடும் விதி ஒன்று உண்டு. 50 கோடி வரை விலக்கு அந்த ஒரு விதிக்குத்தான். இங்கே செய்த வேலைக்கான வரிக்கும், உங்கள் தனிப்பட்ட ரிட்டர்னில் காட்ட வேண்டியவற்றுக்கும் அது பொருந்தாது.

ரிட்டர்னில்தான் பலர் மாட்டுகிறார்கள். இங்கே வசிப்பவர் தன் வெளிநாட்டுப் பங்குகளையும் வங்கிக் கணக்கையும், வருமானமே வராவிட்டாலும், ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான 'ஷெட்யூல் எஃப்ஏ' பகுதியில் காட்டியே ஆக வேண்டும். மறைத்தால் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு மட்டும் 2024 அக்டோபர் முதல் இந்த அபராதத்தில் இருந்து விலக்கு உண்டு.

வருமானத்தையே மறைத்தால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டம் வருகிறது. வரி 30 சதவீதம், அபராதம் அந்த வரியைப் போல மூன்று மடங்கு. அதாவது 100 ரூபாயை மறைத்தவர் 120 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். வேண்டுமென்றே ஏய்த்தது உறுதியானால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. இவ்வளவு கடுமையான சட்டம் என்று தெரியாமலேயே குடும்பஸ்தர்கள் இதில் இறங்குவதுதான் எனக்குக் கவலை.

"அங்கே இருக்கும் கணக்கு இவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்ற தைரியமும் இனி வேண்டாம். வங்கிக் கணக்கு விவரங்களை நாடுகள் தாமாகவே பகிரும் ஏற்பாட்டில் இந்தியா 2017-இலும் அமீரகம் 2018-இலும் சேர்ந்துவிட்டன. கணக்கு தொடங்கும்போது உரிமையாளர் எந்த நாட்டில் வரி கட்டுகிறார் என்று வங்கி கேட்பது இதற்காகத்தான். அப்புறம், துபாயில் வரியே இல்லை என்ற பேச்சும் பழையது. 2023 ஜூன் 1 அன்றோ அதற்குப் பின்னோ தொடங்கும் கணக்காண்டுகளில் இருந்து, 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு அங்கே 9 சதவீத கார்ப்பரேட் வரி உண்டு. ஃப்ரீ ஜோன் சலுகையும் எல்லாத் தொழிலுக்கும் கிடைக்காது.

குடும்பத்தோடு அங்கே குடியேறி, ஆபீஸ் போட்டு, ஆள் வைத்துத் தொழில் செய்பவரின் நிலை வேறு. அவருக்கு இந்தப் பயம் தேவையில்லை. ஏற்கெனவே கம்பெனி தொடங்கி ரிட்டர்னில் காட்டாமல் விட்டவர்கள், நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் திருத்திய ரிட்டர்ன் போடக் கெடு இருக்கிறதா என்று தங்கள் ஆடிட்டரிடம் இப்போதே கேளுங்கள். போகும்போது பங்குச் சான்றிதழ், துபாய் வங்கி ஸ்டேட்மென்ட், பையரோடு போட்ட ஒப்பந்தம் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.