ஆறாவது வில் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும்

தக்கலையில் கட்டட வரைபடம் போடுவது என் தொழில். பள்ளிவாசல் சன்னலுக்கும் கதவுக்கும் நட்சத்திர வேலைப்பாடு கேட்டு வருபவர்கள், இப்போதெல்லாம் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி "இதையே போட்டுத் தாங்க" என்கிறார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். எட்டு முனை நட்சத்திரம். சன்னல் உயரத்துக்குப் பொருந்தட்டும் என்று கணினியில் கொஞ்சம் இழுத்துவிட்டேன். பிரிண்டை வாங்கிய ஆசாரி நடுவில் காம்பஸை ஊன்றிச் சுற்றினார். மேல்முனையைத் தொட்ட வட்டம் பக்கத்து முனைக்கு வெளியே போயிற்று. "சாரே, இது வட்டத்துல நிக்கல்லியே" என்றார். பலகை அறுக்கும் முன்பே பார்த்துச் சொன்னதற்கு இன்றும் அவருக்கு நன்றி.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வரையப் பழகும் பிள்ளைகளுக்குக் கோணமானி கொடுப்பதில்லை. காம்பஸ், ஸ்கேல், கூராகச் சீவிய 2எச் பென்சில் போதும். 6 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். காம்பஸைக் கூட்டாமல் குறைக்காமல் வட்டத்தின் மேலேயே ஊன்றி ஊன்றி வெட்டிக்கொண்டு போனால், ஆறாவது வில் புறப்பட்ட புள்ளியிலேயே விழும். அறுகோணமும் ஆறு முனை நட்சத்திரமும் அந்தப் புள்ளிகளில்தான் பிறக்கின்றன. திருகு தளர்ந்து காம்பஸ் அரை மி.மீ. விரிந்திருந்தால், ஆறாவது வில் சுமார் மூன்றரை மி.மீ. தள்ளி விழும்.

போன வாரம் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை கடைசிப் புள்ளியை அழித்துவிட்டு, சரியான இடத்தில் கையால் குத்தி வைத்தாள். "அழிக்காதே மக்களே, திருகை இறுக்கிட்டு வேற தாள் எடு" என்றேன். ஒரு நட்சத்திரத்தில் அந்தப் பிசகு தெரியாது. அதையே அடுத்தடுத்து வைத்து நிரப்பும்போது மூன்றாவது வரிசையிலேயே கோடுகள் ஒன்றையொன்று சந்திக்க மறுக்கும்.

10-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அபுல் வஃபா புஸ்ஜானி, கைவினைஞர்களுக்குத் தேவையான வடிவியலைத் தனி நூலாகவே எழுதினார். காம்பஸை ஒரே திறப்பில் வைத்து வரையும் முறைகளும் அதில் உண்டு. துருக்கியின் இஸ்தான்புல் நகரில் தோப்காப்பி அரண்மனையில் உள்ள பழைய வரைபடச் சுருளில் இப்படிப்பட்ட 114 வடிவங்கள் இருக்கின்றன. மை தீட்டிய கோடுகளுக்கு அடியில், மையில்லாமல் கீறிய துணைக்கோடுகள் அதில் தெரியும். அந்தக் கீறல்தான் எனக்குப் பாடம். முடிந்த கோலத்தை மட்டும் பார்த்துக் காப்பி அடிப்பவருக்கு அது கிடைக்காது.

பத்து முனைக்கு அவசரப்பட வேண்டாம். ஆறும் எட்டும் கைக்கு வந்த அப்புறம் பார்க்கலாம்.

பள்ளிவாசல் வேலையைப் பொறுப்பேற்றுச் செய்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படம் எங்கிருந்து வந்தாலும் சரி, பலகையில் ஒட்டும் முன் ஒரு நட்சத்திரத்தின் நடுவில் காம்பஸை ஊன்றிச் சுற்றிப் பாருங்கள். எட்டு முனையும் ஒரே வட்டத்தில் நிற்கவில்லை என்றால் வரைந்தவரிடமே திருப்பிக் கொடுங்கள்.