எஸ்தரின் பாவாடை எப்படி எழும்பி நிற்கிறது?

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் புடைப்பு எம்பிராய்டரி படம் ஒன்றை அனுப்பி, “எஸ்தர் ராணியின் பாவாடை மட்டும் விரல் கனத்துக்கு எழும்பி நிற்கிறதே, உள்ளே என்ன?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

உள்ளே இருப்பது சாதாரணச் சரக்குதான்: கம்பளி, குதிரை மயிர், கந்தல் துணி. கை, முகம் போன்ற இடங்களில் சில சமயம் செதுக்கிய மரத்துண்டு. வெள்ளை சாட்டினில் மையால் வரைந்த படத்தின் மேல் இவற்றை வைத்துத் தைத்தார்கள். வசதியான வீட்டுச் சிறுமிகளின் கைவேலை இது. எஸ்தரும் அவள் கணவன் அகாஸ்வேரு ராஜாவும், சாலமோனின் தீர்ப்பு என்று பைபிள் காட்சிகள் நிறைய. உடுப்பு மட்டும் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் காலத்து மோஸ்தர். இப்படித் தைத்த சிறுமிகளில் ஒருத்தி ஹன்னா ஸ்மித். 1654இல் ஆக்ஸ்ஃபோர்டு போனபோது அவளுக்கு 12 வயதுகூட நிரம்பவில்லை. அங்கே தைத்து முடித்த, எம்பிராய்டரி போர்த்திய தன் பெட்டியைப் பற்றி அவளே ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

சரி, பாவாடைக்கு வருவோம். எனக்குப் பிடித்தது உள்ளே இருக்கும் திணிப்பல்ல, அதன் மேலே தோல் போல மூடியிருக்கும் பரப்பு. நெய்த துணியை மேட்டின் மேல் போர்த்தினால் சுருக்கம் விழும். ஜாக்கெட் தைப்பவர்கள் டார்ட் (துணியை மடித்துத் தைக்கும் கூர்மடிப்பு) பிடிப்பது இதற்காகத்தான். எஸ்தரின் பாவாடையில் டார்ட் கிடையாது. ஏனென்றால் அது வெட்டிப் போர்த்திய துணியே அல்ல, அந்த இடத்திலேயே ஊசியால் உண்டாக்கியது.

முதலில் பாவாடையின் எல்லையைச் சுற்றிப் பின்தையல். அப்புறம் காஜாத் தையல். முதல் வரிசைக் கண்ணிகள் பின்தையலில் தொங்கும், இரண்டாம் வரிசை முதல் வரிசையில் தொங்கும், அப்படியே கீழே இறங்கும். ஓரங்களில் ஒரு பிடி, அவ்வளவுதான். நடுவில் ஊசி சாட்டினைத் தொடவே தொடாது. மேடு ஏறும் இடத்தில் ஒரே கண்ணியில் இரண்டு தையல் போட்டால் வரிசை அகலமாகி, பரப்பு தானாகப் புடைக்கும். இறங்கும் இடத்தில் ஒரு கண்ணியைத் தாண்டினால் மறுபடி ஒடுங்கும்.

துணி சுருங்குவதற்குக் கணிதத்திலும் காரணம் உண்டு. தட்டையான பரப்பை இழுக்காமல், கிழிக்காமல் உருண்டையின் மேல் படிய வைக்க முடியாது என்பது 1827இல் கணித மேதை காஸ் முன்வைத்த தேற்றத்திலிருந்து கிடைக்கும் முடிவு. 1997இல் கணித அறிஞர் டைனா டைமினா இதே கண்ணி கூட்டும் உத்தியால், குரோஷா ஊசியில் அதிபரவளையத் தளத்தை (ஓரம் போகப் போக அலையலையாய் விரியும் பரப்பு) பின்னிக் காட்டினார். நூலும் ஊசியும் வாங்க ஆராய்ச்சி நிதி கேட்டால் நம் கமிட்டிகள் சிரிக்கும் என்றே நினைக்கிறேன்.

ஓரத்தில் மெல்லிய கம்பி வைத்துத் தைத்தால் அடித்துணியே வேண்டாம். இலை, இதழ், கூடாரத் திரை எல்லாம் தனியாக நிற்கும். சில வேலைப்பாடுகளில் ராஜாவின் கூடாரத் திரையை விரலால் தூக்கி உள்ளே பார்க்கலாம், மியூசியக்காரர்கள் விட்டால்.