கறையா, பள்ளமா? பரு ஆறிய முகத்துக்கு எந்தச் சிகிச்சை?

பரு ஆறிய முகத்தோடு என்னிடம் வருகிறவர்களில் பலர், "டாக்டர், இந்தத் தழும்பை லேசரில் எடுத்துவிடுங்கள்" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், அவர்களில் கணிசமானவர்களுக்குத் தழும்பே இருப்பதில்லை. தோல் சமமாக இருக்கிறது, நிறம்தான் கறுத்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் சிகிச்சை வேறு, செலவு வேறு, ஆகும் காலமும் வேறு. கறைக்குப் பள்ளத்தின் சிகிச்சையைச் செய்தால், முன்பைவிடக் கறுத்த முகத்தோடு வீடு திரும்ப வேண்டியிருக்கும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஜன்னலோரம் நின்று, வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும்படி கண்ணாடியைப் பாருங்கள். விரலால் தடவும்போது தட்டுப்படாத கறுப்பு, நிறமாற்றம். நிழல் விழுகிற குழி, தழும்பு. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும்.

மாநிறமோ கறுப்போ ஆன நம் தோலில் இருக்கும் நிறமிச் செல்கள் எந்த அழற்சிக்கும் சட்டென்று மெலனின் என்ற நிறமியைச் சுரந்துவிடும். பருவுக்கும் சுரக்கும், அதைப் பிதுக்கிய நகத்துக்கும், எரிச்சல் தரும் கிரீமுக்கும், அளவு மீறிய லேசருக்கும் சுரக்கும். மெலனின் மேல்தோலில் தங்கினால் பழுப்பாகத் தெரியும். சில மாதங்களில் மங்கும். ஆழத்துக்கு இறங்கிவிட்டால் சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும். அது மறைய ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம். ஆக, நம்மைப் போன்றவர்களுக்குச் சிகிச்சையின் முதல் விதி, தோலைப் புண்படுத்தாமல் இருப்பதுதான்.

புதிய பருக்கள் வந்துகொண்டிருக்கும்போது கறைக்கோ பள்ளத்துக்கோ பணம் செலவழிக்காதீர்கள். முதலில் பரு அடங்க வேண்டும். பருவின் மேல் பூசும் மருந்துகளான அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு, அசெலாயிக் அமிலம் ஆகியவை பலருக்குப் போதும். அசெலாயிக் அமிலத்தை நான் தனியே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு: பருவையும் கறையையும் அது சேர்த்தே கவனிக்கிறது, கர்ப்பிணிகளும் பயன்படுத்தலாம். அடாபலீனைக் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டும். மற்றவர்கள் பட்டாணி அளவு எடுத்து, வாரம் இரண்டு மூன்று இரவுகளில் தொடங்கினால் போதும். ஆர்வத்தில் தினமும் அள்ளிப் பூசித் தோல் உரிந்தால், அந்த எரிச்சலே புதுக் கறையாகும். ஆழமான, வலிக்கும் கட்டிகளாக வருகிறவர்கள் காத்திருக்கக் கூடாது. பள்ளங்கள் பெரும்பாலும் அவற்றிலிருந்துதான் உருவாகின்றன. அவர்களுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை நல்ல பலன் தரும். ஆனால் அது கருவைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து. பெண்கள் மருத்துவரின் கண்காணிப்பில், கருத்தடையோடு மட்டுமே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூரில் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. தலைக்கவசத்தின் பட்டை தாடையில் உரசும் இடத்திலும், முகத்தில் பூசும் உருமறைப்பு மை தங்கும் இடத்திலும் பரு கிளம்பும். மையைக் கரடுமுரடான துணியால் தேய்த்து எடுக்காதீர்கள். மென்மையான க்ளென்சரை இரண்டு முறை பூசிக் கழுவினாலே போய்விடும்.

அடுத்தது வெயில். பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே இருக்கும் இந்த ஊரில், வெயிலின் புற ஊதாக் கதிர்கள் எவ்வளவு கடுமை என்று காட்டும் புற ஊதாக் குறியீடு நண்பகலில் பத்தைத் தாண்டுவது சாதாரணம். தேசியச் சுற்றுப்புற வாரியம் அதைப் பகலில் மணிக்கு மணி வெளியிடுகிறது. "எனக்குத்தான் கறுப்பு நிறமாயிற்றே, சன்ஸ்கிரீன் எதற்கு?" என்று கேட்கிறவர்களுக்குத்தான் கறை மறையாமல் நிற்கிறது. நம் நிறத்தில் புற ஊதாக் கதிர்கள் மட்டுமல்லாமல், கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறையை ஆழப்படுத்துகிறது. அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன் உதவும். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், இரண்டு விரல் நீளத்துக்குப் பிழிந்து முகத்திலும் கழுத்திலும் பூச வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். இதைச் செய்யாமல் கறைக்கு வேறு எதைச் செய்தாலும் பலன் நிலைக்காது.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசாதீர்கள். அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் வரலாம். கொப்புளம் ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். மஞ்சள் பெரும்பாலானவர்களுக்குத் தீங்கு செய்யாது, கறையை எடுக்கவும் எடுக்காது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது, 'ஒரே வாரத்தில் சிவப்பழகு' என்று விற்கும் கிரீம்களைப் பார்க்கும்போதுதான். ஊருக்குப் போய் வருகிறவர்களின் பெட்டியிலும், இணையத்தில் வாங்கும் பொட்டலத்திலும் அவை வந்து சேர்கின்றன. பாதரசம், கறையை மங்கச் செய்யும் ஹைட்ரோகுவினோன், வீரியமான ஸ்டீராய்டு ஆகியவை கலந்த இத்தகைய கிரீம்களைப் பற்றி, மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவரின் கன்னத்தோடு கன்னம் வைக்கும் குழந்தையின் உடலிலும் சேரும். ஸ்டீராய்டு முதலில் முகத்தைப் பளபளப்பாக்கும். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரியத் தொடங்கும். நிறுத்தினால் எரிச்சலும் பருவும் முன்பைவிட மோசமாகத் திரும்பும். ஹைட்ரோகுவினோன் நல்ல மருந்துதான். மருத்துவர் தந்து, சில மாதங்களில் நிறுத்த வேண்டிய மருந்து அது. ஆண்டுக்கணக்கில் பூசினால் நீலக் கறுப்பு படரும். அதை மாற்றுவது மிகக் கடினம். இப்படி ஒரு கிரீமை நீங்கள் பூசிவந்தால், வெட்கப்படாமல் அந்த டியூபையே மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். உங்கள் நிறத்தை வெளுப்பாக்குவது சிகிச்சையின் வேலையே அல்ல. கன்னத்தின் நிறம் உங்கள் கழுத்தின் நிறத்துக்குத் திரும்பினால் சிகிச்சை வெற்றி. மகளை அழைத்து வரும் அம்மாக்களிடம் நான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பள்ளங்களுக்கு கிரீம் மட்டும் போதாது. தோலை இரு விரல்களால் இழுத்துப் பிடித்தால் மறைகிற அலை போன்ற பள்ளம், அடியில் நார்களால் கட்டப்பட்டிருக்கிறது. ஊசியால் அந்த நாரை அறுத்துவிடும் சப்சிஷன் அதற்குப் பொருந்தும். ஊசி குத்தியது போன்ற குறுகிய, ஆழமான குழிக்கு, டிசிஏ (டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம்) என்ற வீரியமான அமிலத்தைக் குழிக்குள் மட்டும் புள்ளியாக வைப்பார்கள். விளிம்பு செங்குத்தாக இருக்கும் அகலமான பள்ளத்துக்கு நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங், ஊசி வழியே வெப்பம் செலுத்தும் ரேடியோ அலை ஊசி, தோலில் புள்ளி புள்ளியாகப் பாயும் ஃபிராக்ஷனல் லேசர் ஆகியவை உள்ளன. பெரும்பாலும் இவற்றைக் கலந்துதான் செய்ய வேண்டியிருக்கும். பல அமர்வுகள், நடுவே வாரக்கணக்கில் இடைவெளி, அதன் பிறகும் தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் வளர்ந்து முடிய மாதங்கள். பள்ளம் பாதி குறைந்தால் அதை நல்ல பலன் என்றே நான் சொல்வேன். முழுதாக மறையும் என்று வாக்குக் கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஃபிராக்ஷனல் லேசரை நம் நிறத்துக்குச் செய்யலாம். ஆனால் அடர்த்தியைக் குறைத்து, அமர்வுகளைக் கூட்டி, முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்த்துச் செய்ய வேண்டும். மைக்ரோநீட்லிங்கில் கறுக்கும் ஆபத்து குறைவு என்பதால் பலருக்கு நான் அதிலிருந்தே தொடங்குகிறேன். தாடையிலோ மார்பிலோ தோளிலோ தழும்பு மேடாக வளர்கிறதென்றால் பேச்சே வேறு; அங்கே லேசரைக் கேட்டு நிற்காமல், மருத்துவர் தழும்புக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிக் கேளுங்கள்.

அரசின் பலதுறை மருந்தகத்தில் காட்டி, பரிந்துரைக் கடிதத்தோடு தேசியச் சரும நிலையத்துக்குப் போனால் சலுகைக் கட்டணம் கிடைக்கும். அழகுக்காகச் செய்யும் சிகிச்சைகளுக்கு மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) பணத்தை எடுக்க முடியாது. தனியார் மருந்தகத்துக்குப் போகிறவர்கள், சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் மருத்துவரின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அவர் தோல் நிபுணரா என்பதும் அங்கே தெரியும். "என்னைப் போன்ற நிறத்தவருக்கு இதைச் செய்திருக்கிறீர்களா? கறுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். முதல் நாளே பத்து அமர்வுகளுக்குப் பணம் கட்டச் சொன்னால், யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிடலாம்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வருகிறவர்கள் அதிகம். தையில் முகூர்த்தம் என்றால் சித்திரையிலேயே வாருங்கள். பருவை அடக்க இரண்டு மூன்று மாதம் போகும். பள்ளத்துக்கு மிச்ச நாள்களும் சரியாக இருக்கும். கடைசி ஒரு மாதத்தில் புதிய கிரீம், ஃபேஷியல், தோலை உரிக்கும் பீலிங் என எதையும் முகத்தில் முயல வேண்டாம். அந்த மாதத்தில் மிஞ்சும் கறையை மேக்கப் கலைஞர் பார்த்துக்கொள்வார்.