நூலகர் சங்கத்துக்குள் ஒரு கேள்வி கேட்கும் குழு எப்படிப் பிழைப்பது?

எங்கள் தொழிலில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. கருத்தரங்கு, ஆகஸ்ட் 12 நூலகர் தின விழா, பொன்னாடை எல்லாம் குறைவில்லாமல் நடக்கும். அதே சங்கத்துக்குள் நாலு பேர் சேர்ந்து, தொகுப்பூதிய நூலகர்களின் சம்பளம் என்ன ஆச்சு, சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா வசூலிக்கிற நூலக வரியை உள்ளாட்சிகள் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு முழுசாகக் கட்டுகின்றனவா என்று கேட்க ஆரம்பித்தால், அந்தக் குழுவுக்குத்தான் ஆயுசு குறைவு. வேலூரில் கல்லூரி நூலகராக இருந்துகொண்டு இப்படிப்பட்ட குழுக்களை உள்ளிருந்தே பார்த்து வருகிறேன்.

எதிர்ப்பினால் செத்த குழு அபூர்வம். “செய்யுங்க சார், நல்ல விஷயம்தானே” என்றுதான் நிர்வாகிகள் சொல்வார்கள். அப்புறம் பொதுக்குழு அஜெண்டாவில் நம் தீர்மானம் ‘தலைவர் அனுமதியுடன் பிற’ என்ற கடைசி வரிக்குள் போய்விடும். சாப்பாடு முடிந்து, திருப்பத்தூர்க்காரர்கள் பஸ் பிடிக்கக் கிளம்பிய பிறகு அந்த வரி வரும். ஒருவர் எழுந்து கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லை என்பார். மினிட் புத்தகத்தில் ‘விவாதிக்கப்பட்டது’ என்று மட்டும் விழும். நிறைவேறியதா, தோற்றதா? தோற்றது என்று எழுதியிருந்தாலாவது யார் எதிர்த்தார்கள் என்று கேட்கலாம்.

2019-ல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானபோது இன்னொன்றும் தெரிந்தது. மாவட்டக் கிளை பிரிந்தால் அதன் செயற்குழு எப்படிப் பிரியும் என்பதற்கு விதி உண்டு. நம்மைப் போன்ற உட்குழுவுக்கு எந்த விதியும் இல்லை, ஏனென்றால் சங்கத்தின் துணைவிதிகளில் அதன் பெயரே கிடையாது. வாலாஜாபேட்டை உறுப்பினர் எந்தக் கிளையில் ஓட்டுப் போடுவார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

பிழைத்த குழுவுக்கு ஓர் உதாரணம் அமெரிக்காவில் உண்டு. அமெரிக்க நூலகச் சங்கம் 1876-ல் தொடங்கியது. 1969-ல், வியட்நாம் போரும் இனப் பாகுபாடும் கொதித்த நேரத்தில், அதற்குள் ‘சமூகப் பொறுப்புகள் வட்டமேசை’ உருவானது; உட்குழுவைத்தான் அங்கே வட்டமேசை என்கிறார்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் அது நின்றதற்கு ஆவேசம் மட்டும் காரணமில்லை. தனி விதிமுறை, தனிச் சந்தா, தேர்தலில் வந்த செயல் மன்றம், அதன் கீழே பணிக்குழுக்கள் என்று எல்லாம் எழுத்தில் இருந்தன. 1970-ல் அதன் பணிக்குழுவாகத் தொடங்கிய தன்பாலீர்ப்பாளர் உரிமைக் குழு 1999-ல் தானே ஒரு வட்டமேசையாக உயர்ந்ததும் இந்த ஏற்பாட்டால்தான். ஒரு கடிவாளமும் உண்டு: வட்டமேசை எதுவும் முழுச் சங்கத்தின் பெயரில் கொள்கை அறிவிக்க முடியாது. “போருக்கும் நூலகத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று அங்கே கேட்டார்கள். “கான்ட்ராக்ட் சம்பளம் லேபர் பிரச்சினை, நூலக அறிவியலில் வராதே” என்று இங்கே கேட்கிறார்கள்.

வெளியே போய்த் தனிச் சங்கமாகப் பதிவு செய்வதில் சிரமம் ஒன்றுமில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் ஏழு பேர் இருந்தால் போதும். ஆனால் நூலகத் துறை பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடும்போது பழைய சங்கத்தைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால், உள்ளே இடம் கிடைக்க வழி இருக்கும்வரை வெளியேறுவதை நான் ஆதரிப்பதில்லை.

அந்த இடம் துணைவிதியில்தான் கிடைக்கும். இத்தனை உறுப்பினர் எழுத்தில் கேட்டால் உட்குழு அமையும், அதன் ஒருங்கிணைப்பாளர் செயற்குழுவில் உட்காருவார் என்று ஒரு பிரிவு. பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானமாக நிறைவேற்றி, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்யாமல் விட்டால் அது வெறும் காகிதம். தீர்மான வரைவை, முன்மொழிபவர், வழிமொழிபவர் கையெழுத்தோடு, கூட்ட அறிவிப்பு போவதற்கு முன்பே செயலாளரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். “நம்ம ஆளுங்கதானே, இதெல்லாம் எதுக்கு” என்பார்கள். வாங்குங்கள்.

அப்புறம் பணம். குழுச் சந்தா ஒருவருடைய ஜிபே எண்ணில் சேர்வது எல்லா ஊரிலும் பழக்கமாகிவிட்டது. அவருக்கு இடமாறுதல் வரும், இல்லாவிட்டால் ஓய்வு வரும். உறுப்பினர் பட்டியலும் அவருடைய வாட்ஸ்அப்பில்தான் இருக்கும். சங்கத்தின் வங்கிக் கணக்கிலேயே குழுவுக்குத் தனித் தலைப்பு கேளுங்கள், ரசீது புத்தகம் தனியாக அடியுங்கள், பட்டியலை இரண்டு பேர் வைத்திருங்கள்.